பேசியே தமிழில் மனு டைப் செய்ய முடியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி என் அப்பா. பச்சைத் தேயிலை விலை பற்றி கலெக்டருக்கு மனு எழுத வேண்டும். அவர் சொல்லச் சொல்ல லேப்டாப்பே டைப் செய்யுமா?

தாராளமாகச் செய்யும். குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் என்பதை எடுங்கள். மைக் படத்துக்கு மேலே மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டு மைக்கை அழுத்தினால் அது சிவப்பாகும். அப்புறம் பேச வேண்டியதுதான். நெட் கட்டாயம் வேண்டும். வேறு டேபுக்குப் போனால் மைக் நின்றுவிடும்.

இனிதான் முக்கியம். அப்பா "வெல கட்டுப்படியாகல" என்று பேச்சு வழக்கில் சொன்னால் எழுத்து தாறுமாறாக விழலாம். "விலை கட்டுப்படியாகவில்லை" என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். முழு வாக்கியத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் சொல்வது நல்லது. ஊர்ப் பெயர்களில்தான் அதிகம் தடுமாறும். கக்குச்சி, நடுஹட்டி மாதிரிப் பெயர்களையும் சர்வே எண்ணையும் கையால் டைப் செய்துவிடுங்கள். மனுவில் அவை பிசகவே கூடாது.

தமிழில் "கமா", "முற்றுப்புள்ளி" என்று சொன்னால் குறி விழாது, அந்தச் சொல்லே விழும். குறிகளைக் கடைசியில் நீங்களே போடுங்கள்.

தகரக் கூரை வீடா? மழை ஓய்ந்த நேரம் பாருங்கள். இல்லையென்றால் மைக் உள்ள இயர்போன் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிண்ட் எடுக்குமுன் அப்பாவுக்கு ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடப்போவது அவர்தானே.