தாயில்லாத பூனைக்குட்டி இரண்டு நாளாக மலம் கழிக்கவில்லை, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். கண் திறந்து சில நாள்களே ஆன குட்டி என்றும் தாய் திரும்பி வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது மலச்சிக்கலாகவே இல்லாமலும் இருக்கலாம். ஏறக்குறைய 3 வாரம் வரை பூனைக்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் அதன் பின்புறத்தை நக்கிவிட்டால்தான் கழிக்கும்.

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்தபோது, விறகுக் கொட்டகையில் தனியாகக் கிடந்த குட்டியொன்றை எடுத்து வளர்த்தேன். பால் கொடுத்தால் போதுமென்று நான் நம்பியிருக்க, இரண்டாம் நாள் அதன் வயிறு உப்பி இறுகி, பாலையும் மறுத்துக் கத்தியது. "தாய் நக்கிவிடும்மா, இப்ப அத நீதான் செய்யணும்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சொன்னார். மூன்றாவது முறை தடவியபோது கறுத்துக் கெட்டியான மலம் சிறிது வந்தது. அன்று மாலையே குட்டி பால் குடித்தது.

ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் ஆசனவாயையும் சிறுநீர் வரும் இடத்தையும் ஒரு நிமிடம் மெதுவாகத் தடவுங்கள். தோல் சிவந்தால் கையை இன்னும் இலகுவாக்குங்கள். சிறுநீர் பெரும்பாலும் உடனே வரும். மலம் நாளுக்கு ஒரு முறை வந்தாலே போதும்.

பசும்பாலும் டின் பாலும் ஆகாது. குட்டிகளுக்கென விற்கும் பால்மாவைக்கூட, சத்துச் சேரட்டும் என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கரைத்தால், உடலில் நீர் குறைந்து மலம் இறுகிவிடும். டின்னில் சொன்ன அளவை மீறாதீர்கள். மழை இரவுகளில் குட்டியின் உடல் சில்லிட்டிருந்தால் முதலில் துணியில் பொதிந்து சூடேற்றுங்கள், பிறகே பால். குளிர்ந்த உடலில் குடல் சரியாக இயங்காது.

பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. ஆனால் வாயில் ஊற்றும் எண்ணெய் குட்டியின் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமா அதைவிடக் கொடியது, பூனையைக் கொன்றுவிடும்.

வாலைத் தூக்கி ஆசனத் துவாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அரிதாகச் சில குட்டிகள் அது இல்லாமலே பிறக்கும். அப்படியிருந்தாலோ, குட்டி வாந்தி எடுத்தாலோ, பாலை மறுத்தாலோ, சிறுநீரும் வராமல் முக்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இவை எதுவும் இல்லையென்றாலும், ஏற்கெனவே இரண்டு நாள் கடந்துவிட்டதால், இன்றிரவு தடவியும் மலம் வராவிட்டால் காலையில் கிளினிக் திறந்ததும் போய்விடுங்கள்.