பழைய மாருதி ஆம்னியில் கியர் தகராறா? கேளுங்கள், சொல்கிறேன்

அண்ணா, 2006 மாடல் ஆம்னி. ரிவர்ஸ் போட்டாலே கர்ர்ரென்று கத்துகிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

இப்போதே இறக்க விடாதீர்கள் தம்பி. முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள், பல் முட்டினால் வண்டியை லேசாக முன்னே பின்னே அசைத்துக்கொள்ளலாம். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு சோதனை: இன்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழுமுன் இரண்டு பக்கச் சுற்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு) கிடையாது, அதனால் உள்ளே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருந்தால் உடனே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆம்னிக்கு கேபிள் கிளட்ச். கீழே குனிந்து கேபிளின் நுனியைப் பாருங்கள், ஒரு இழை பிரிந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். கேபிள் நன்றாக இருந்து பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) மட்டும் அதிகமென்றால் கேபிள் நுனியிலுள்ள நட்டை முடுக்கினாலே தீர்ந்துவிடும். ஒரேயடியாக முடுக்கிவிடாதீர்கள், ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லாமல் போனால் கிளட்ச் ஸ்லிப் ஆகிப் பிளேட் எரிந்துவிடும். இதிலும் சரியாகாவிட்டால்தான் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் வரை போக வேண்டும்.

நியூட்ரலில் நிற்கும்போது உய்ங் என்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. என்ன அண்ணா அது?

பெரும்பாலும் இன்ஜின் சுற்றை கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஓட்டியும் பாருங்கள்: நான்கு கியர் ஆம்னியில் நாலாவது கியர் நேரடி ஓட்டம், மற்ற கியர்களுக்குச் சுற்றைக் கடத்தும் பக்கத் தண்டான கவுன்ட்டர் ஷாஃப்ட் மேல் பாரம் ஏறாது. ஒன்று, இரண்டு, மூன்றில் கத்திவிட்டு நாலில் அடங்கினால் கவுன்ட்டர் ஷாஃப்ட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். நாலு கியரிலும் ஒரே சத்தம், வேகத்தோடு கூடுகிறது என்றால் கியர்பாக்ஸை விட்டுவிட்டு புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு), கிரவுன் (பின் அச்சிலுள்ள பல்சக்கரம்), வீல் பேரிங் என்று பின்னால் போங்கள்.

கொல்லிமலை இறங்கும்போது மூணாவது கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

இதைச் சரி செய்யும்வரை மலைக்கு வண்டியை எடுக்காதீர்கள், தயவு செய்து. வளைவில் கியர் கழன்றால் இன்ஜின் பிடிப்பு போய் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும், பிரேக் சூடேறினால் அதுவும் கைவிடும். சமதளத்தில் ஓட்டி, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து விடும்போது லீவரைக் கவனியுங்கள். லீவரும் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடினால் மவுன்ட் ரப்பரையும் லீவரிலிருந்து போகும் இணைப்பின் புஷ்களையும் பாருங்கள், செலவு குறைவு. லீவர் ஆடாமல் சட்டென்று கழன்றால் கோளாறு உள்ளேதான்: கியரைத் தள்ளும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், அதை இடத்தில் நிறுத்தும் லாக் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கியரின் பல்முனை மழுங்கியிருக்கலாம். அதற்கு இறக்கித்தான் ஆக வேண்டும்.

எனக்கு இரண்டாவது கியர் மட்டும்தான் கரகரப்பு. டிபன் டெலிவரி வண்டி, நாள் முழுக்க ஓடும்.

சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும் அக்கா. மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சிங்க்ரோதான், உறுதி. இப்படியே கொஞ்ச காலம் ஓட்டலாம்.

எந்த ஆயில் ஊற்றலாம்? கடையில் கியர் ஆயில் தரத்தில் ஜிஎல்-5 தான் உசத்தி என்கிறார்கள்.

கிரவுனுக்கு அது சரி. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 போதும். ஜிஎல்-5 வழவழப்பு கூடுதல், சிங்க்ரோ பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். பழைய ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை, தங்கப்பொடி மாதிரி மினுங்கினால் சிங்க்ரோ ரிங், கையில் சில்லாகத் தட்டுப்பட்டால் பல் உடைந்திருக்கிறது. இன்னொன்று, ஆயில் வடிக்கும் கீழ் நட்டைக் கழற்றுவதற்கு முன் பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள், துருப்பிடித்து அது வராவிட்டால் ஆயில் இல்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.