வண்ணத்துப்பூச்சியின் மினுங்கும் நீலம் ஏன் பெயின்றில் வருவதில்லை?

படம் வரைகிறவர்களும் துணியில் பூ வரைகிறவர்களும் அடிக்கடி கேட்பது இது. மட்டக்களப்பில் மாரி மழை ஓய்ந்ததும் வேலியோரம் பாருங்கள்: கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டுகளோடு ஒன்று வந்து இருக்கும். வெயிலுக்குத் திரும்பினால் பொட்டைச் சுற்றி ஊதா கலந்த நீலம் பளிச்சிடும். சற்றுச் சரிந்தால் வெறும் கறுப்பு.

சிறகு முழுக்க நுண்ணிய செதில்கள், கிடுகு வேய்ந்த கூரை மாதிரி. மஞ்சள், கபிலம், கறுப்பு எல்லாம் பெரும்பாலும் செதிலில் உள்ள சாயம். மினுங்கும் நீலம் அப்படியல்ல. செதிலின் மெல்லிய வரம்புகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீலம் மட்டும் பலப்பட்டுக் கண்ணுக்கு வருகிறது. சவர்க்காரக் குமிழியில் நிறம் தெரிகிறதே, அதில் யார் சாயம் ஊற்றினது?

ஆகவே நீலப் பெயின்றைத் தடிப்பாக அப்பினாலும் சப்பென்றுதான் இருக்கும். கறுப்பின் மேல் முத்துமினுக்கப் பெயின்றை மெல்லிசாகத் தடவிப் பாருங்கள். தைக்கிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி, பாவுக்கு (நெடுக்கு நூல்) கறுப்பும் ஊடைக்கு (குறுக்கு நூல்) நீலமும் போட்டு நெய்த துணி. மருதமுனைக் கைத்தறிக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டுவது தூசு அல்ல, செதில். கொஞ்சம் உதிர்ந்தால் பூச்சி செத்துவிடாது. ஆனால் உதிர்ந்தது திரும்ப முளைக்காது.