அந்தப் பண்டிகைக்கு யாரும் வரவில்லை

வாசகர் கேள்வி – பதில்

கொரோனா சமயத்தில் ஒரு பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்ததைப் பற்றி சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக இந்தப் பகுதிக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கமின்மை என்றுதான் கடிதங்கள் வரும். இந்த முறை பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பற்றியே வந்திருக்கின்றன. இத்தனை வருஷம் கழித்தும் பல கடிதங்களில் கோபம் ஆறவே இல்லை. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே இருக்கட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனா வார்டில் வேலை. பண்டிகைக்குக் கூடாதீர்கள் என்று ஊரிலுள்ளவர்களிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

கேள்வி: கடை திறந்திருந்தது. நான் தினமும் நூறு பேரிடம் பணம் வாங்கிப் போட்டேன். என் சொந்த அண்ணன் வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது என்றார்கள். வைரஸுக்கு உறவுமுறை தெரியுமா? (கடை ஊழியர் ஒருவர்)

உறவுமுறை தெரியாது தம்பி. ஆனால் உறவுக்காரர்கள் நடுவில் நாம் எப்படி இருக்கிறோமோ, அதுதான் அதற்கு வசதியாகிவிட்டது. கடைக்கு வருகிறவர் பத்து நிமிஷத்தில் போய்விடுவார், முகக்கவசம் போட்டிருப்பார். அண்ணன் வீட்டில் வாசல் தாண்டியதும் கவசத்தைக் கழற்றிவிடுவோம். சாப்பிட உட்கார்ந்தால் எப்படியும் கழற்றத்தான் வேண்டும். ஐந்தாறு மணி நேரம் ஒரே அறையில் சத்தமாகப் பேசுவோம், சிரிப்போம், பிள்ளைகள் பாடுவார்கள். பேசும்போதும் பாடும்போதும் மூச்சோடு வெளியே வரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் நெடுநேரம் மிதக்கும். குழந்தையும் பாட்டியும் ஒரே கட்டிலில் படுத்திருப்பார்கள்.

இன்னொன்று. இந்தத் தொற்று வந்தவர், காய்ச்சலோ இருமலோ தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அதைப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். "எனக்கு ஒன்றுமில்லையே" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. முந்தின நாள் பரிசோதனையில் நெகட்டிவ் வந்திருந்தாலும், அது மாதிரி எடுத்த நேரத்து நிலைமைதான்.

எங்கள் வார்டில் ஒரே குடும்பத்தார் நாலு பேர் இருந்தார்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர், இரண்டு கட்டில் தள்ளி அவருடைய அம்மா. ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை அவர் விரலில் மாட்டும்போதெல்லாம் தன்னுடைய எண்ணை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "அம்மாவுக்கு எவ்வளவு காட்டுது சிஸ்டர்?" என்றுதான் கேட்பார். வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது தான்தான் என்று அவருக்கு எண்ணம். அது உண்மையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அதே சமயம் உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. கடை திறந்திருந்ததற்கு அங்கே தொற்று வராது என்பது காரணம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள், உங்களையும் ஏற்கவைத்தார்கள். அதை உங்களிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் விதியை மட்டும் நீட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அப்புறம், குடும்பம் என்றால் யார் யார் என்று தெளிவாகச் சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் வரவில்லை. ஸ்பெயினில் 2020 கிறிஸ்துமஸுக்கு உறவினரையும் "நெருக்கமானவர்களையும்" பார்க்கப் பயணம் செய்யலாம் என்றார்கள். நெருக்கமானவர் யார் என்பதிலேயே குழப்பம் வந்துவிட்டது. பெல்ஜியத்தில் தோட்டத்தில் சிலர் கூடலாம், ஆனால் அவர்களில் ஒருவர்தான் வீட்டுக்குள் வந்து கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்கிற அளவுக்குப் போனது. இங்கிலாந்தில் தனியாக வாழ்பவர்கள் இன்னொரு வீட்டோடு சேர்ந்துகொள்ள அனுமதி வந்தது 2020 ஜூன் 13 அன்று. பொதுமுடக்கம் தொடங்கியதோ மார்ச் 23. நடுவில் கிட்டத்தட்ட மூன்று மாசம் அவர்களைத் தொட ஆள் இல்லை. விதி எழுதியவர்களுக்குத் தனியாக இருப்பவரின் நினைவு வரவே அத்தனை நாள் ஆகியிருக்கிறது. எனக்கு இதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: நாங்கள் விதியை மதித்தோம், விதி போட்டவர்கள் மதிக்கவில்லை. நினைத்தால் இன்றும் உடம்பெல்லாம் எரிகிறது. மறந்துவிடு என்கிறார் என் கணவர். (ஓய்வுபெற்ற ஆசிரியை)

எதற்கு மறக்க வேண்டும் டீச்சர்? இந்தக் கோபம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் நடந்ததைத் தேதிவாரியாகப் பாருங்கள். 2020 ஜூலை 30, பக்ரீத்துக்கு முந்தின இரவு. வடக்கு இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரை உள்ளே வைத்துச் சந்திக்கக்கூடாது என்று இரவு 9 மணிக்கு மேல் ட்விட்டரில் அறிவித்தார் சுகாதார அமைச்சர். நள்ளிரவிலிருந்தே அமல். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு போய் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று முஸ்லிம்கள் அப்போதே கேட்டார்கள். ஐந்து மாசத்தில் கிறிஸ்துமஸுக்கும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. டிசம்பர் 23 முதல் 27 வரை மூன்று வீட்டார் கூடலாம் என்று நவம்பரில் சொல்லியிருந்தார்கள். டிசம்பர் 16 அன்று, அதை ரத்து செய்வது மனிதத்தன்மையற்ற செயல் என்றார் பிரதமர் போரிஸ் ஜான்சன். 19-ம் தேதி அவரே வந்து, லண்டனிலும் தென்கிழக்கிலும் கூடவே கூடாது, மற்ற இடங்களில் கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் மட்டும் என்றார். அன்று இரவே லண்டன் ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. புதிய வகைத் தொற்று வேகமாகப் பரவியது நிஜம்தான். மாற்றுவதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின நாள், 18-ம் தேதி, பிரதமர் அலுவலகத்துக்குள்ளேயே விருந்து நடந்திருக்கிறது. பின்னால் போலீஸ் விசாரித்து, பல நாள் நடந்த கூடல்களுக்காக 83 பேருக்கு 126 அபராதம் போட்டது. பிரதமருக்கும் ஒன்று.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 2021 ஏப்ரல் 17 அன்று இளவரசர் பிலிப்பின் இறுதிச்சடங்கில் ராணி எலிசபெத் கறுப்பு முகக்கவசத்தோடு தனியாக ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். 73 வருஷம் கூட வாழ்ந்தவரை வழியனுப்ப வந்தவர் பக்கத்தில் யாரும் இல்லை. விதிப்படி நடந்தார். அதற்கு முந்தின இரவு பிரதமர் அலுவலகத்தில் இரண்டு விருந்துகள். பிறகு அரண்மனையிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாண நிதியமைச்சர் ராட் ஃபிலிப்ஸ், வீட்டிலேயே இருந்து தியாகம் செய்யும் மக்களுக்கு நன்றி சொல்லி, கணப்படுப்பு பக்கத்தில் உட்கார்ந்து பேசிய வீடியோவைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெளியிட்டார். முன்கூட்டியே எடுத்து வைத்தது அது. அந்த நேரத்தில் அவர் கரீபியத் தீவில் இருந்தார். வருஷக் கடைசி நாள் ராஜினாமா.

நார்வேயைப் பாருங்கள். அப்போதைய பிரதமர் எர்னா சோல்பெர்க்கின் 60-வது பிறந்தநாளுக்குக் குடும்பத்தார் 13 பேர் ஓர் உணவகத்தில் கூடினார்கள். வரம்பு 10 பேர். அன்று அவர் அந்த மேசையிலேயே இல்லை. இருந்தாலும் ஏற்பாட்டில் பங்கு உண்டு என்று போலீஸ் 20,000 குரோனர் அபராதம் போட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஜெர்மனியில் 2021 ஈஸ்டருக்கு அவசரமாக ஒரு முடக்கத்தை அறிவித்து, இரண்டு நாளுக்குள் அதைத் திரும்பப் பெற்ற அப்போதைய சான்சலர் ஏஞ்சலா மெர்க்கல், தவறு முழுக்கத் தன்னுடையது என்று சொல்லிப் பொதுமக்களிடம் மன்னிப்பு கேட்டார். யார் மேலும் பழி போடவில்லை. இப்படி நாலு பேர் எல்லா நாட்டிலும் வாய் திறந்து சொல்லியிருந்தால் உங்கள் கடிதத்தில் பாதி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கேள்வி: இப்போதும் வீடியோ அழைப்பு வந்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. இது நோயா?

நோய் இல்லை. பேசும்போது சாதாரணமாக அழையுங்கள், போதும்.

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. 2020 டிசம்பரில் அப்பாவைப் பார்க்கப் பையெல்லாம் கட்டிவிட்டேன். அப்பாவுக்கு ஆஸ்துமா, "வராதே" என்று தங்கை போனில் தடுத்துவிட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தேன். 2022-ல் மாரடைப்பில் போய்விட்டார். ஆனாலும் அந்தப் பண்டிகை மனசை விட்டுப் போகவில்லை. தங்கையோடு முன்போல் பேச முடியவில்லை. அவள் செய்தது சரிதானா?

சரிதான் தம்பி. வார்டில் நின்றவள் என்பதால் இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 2020 டிசம்பரில் தடுப்பூசி அப்போதுதான் சில நாடுகளில் போட ஆரம்பித்திருந்தார்கள். அப்பா வயதுக்காரருக்கு அது கைக்கு எட்டும்வரை இன்னும் சில மாசம்தான் காத்திருக்க வேண்டும். அயர்லாந்து அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. புதிய வகைத் தொற்றும் சேர்ந்துகொள்ள, ஜனவரியில் சில நாள் மக்கள்தொகைக் கணக்கில் உலகிலேயே அதிகத் தொற்று அங்கேதான். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அப்பாவை உயிரோடு பார்த்தீர்கள், பேசினீர்கள். அதில் தங்கைக்கும் பங்கு உண்டு.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "வராதே" என்ற ஒரு சொல்லை மட்டும்தான் மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வலித்தது அந்தச் சொல் என்று தோன்றுகிறது. விதி போட்டவர் யாரென்று நமக்குத் தெரியாது, கதவை மூடியவள் நம் வீட்டுப் பெண். கோபம் அவள் மேல் போய் விழுந்துவிட்டது.

அப்பாவோடு அந்த வருஷம் முழுக்க இருந்தது அவள். ராத்திரி அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால், இது ஆஸ்துமாவா அதுவா என்று எழுந்து உட்கார்ந்திருப்பாள். உங்களை வராதே என்று சொல்லிவிட்டு, வந்திருந்தால் நன்றாயிருக்குமே என்றும் நினைத்திருப்பாள். ஒரு நாள் போய், "அந்த வருஷம் ராத்திரியெல்லாம் எப்படிம்மா சமாளிச்சே?" என்று மட்டும் கேளுங்கள். சரியா தப்பா என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

கேள்வி: எனக்கு 79 வயது. மூன்று பிள்ளைகளும் என் பாதுகாப்புக்கு என்று சொல்லி இரண்டு பண்டிகைக்கு வரவில்லை. போனால் போகட்டும், வாருங்கள் என்றுதான் எனக்கு இருந்தது. மீதியிருக்கும் பண்டிகைகள் எத்தனை என்று எனக்குத்தானே தெரியும்? என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. (ஒரு தாய்)

அம்மா, இந்தக் கேள்வியை என் அம்மாவும் கேட்டிருக்கிறார்.

அந்தப் பண்டிகையன்று எனக்குக் காலை டியூட்டி. பாதுகாப்பு உடையைப் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் போனைத் தொட முடியாது என்பதால், உடை மாற்றும் அறையிலிருந்தே அம்மாவை அழைத்தேன். அம்மா போனைச் செம்பில் சாய்த்து வைப்பார். எனக்குத் தெரிந்தது பாதி நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான். "கொஞ்சம் தள்ளி வைங்கம்மா, முகம் தெரியலை" என்றேன். போனை எடுத்துத் திருப்பினார். கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன், 11. நாங்கள் எல்லோரும் வந்தால் எத்தனையோ அத்தனை. எதற்கம்மா என்றேன். "தூசி தட்டலாம்னு எடுத்துப் போட்டேன்" என்றார். நான் வார்டுக்குள் போய்விட்டேன்.

அம்மாவுக்கு இரண்டு தவணை தடுப்பூசியும் முடிந்த பிறகு நாங்கள் போனோம். சாயங்காலம் என்னோடு தனியாக இருக்கும்போது அம்மா சொன்னார்: "நீங்க நாலு பேரும் போன்ல பேசி முடிவு பண்ணீங்க. என்கிட்ட யாரும் கேக்கலை." கேட்டிருந்தால் வாங்கள் என்றுதானே சொல்லியிருப்பீர்கள் என்றேன். "வரவேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். உனக்கே வார்டு வேலை, பிள்ளைகளெல்லாம் சின்னது, எனக்குத் தெரியாதா? ஆனா நான் சொல்லியிருப்பேன்" என்றார். இன்றைக்கும் பண்டிகை வந்தால் இதை எடுப்பார். எடுக்கட்டும் என்று நாங்கள் பேசாமல் இருப்போம்.

உங்கள் உயிர் உங்களுடையது. ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்தச் சமயத்தில் உங்களுக்கு வந்திருந்தால், பணம் வாங்கிப் போடும் கடைத் தம்பிக்கும், படுக்கைக்காகக் காத்திருந்த இன்னொருவருக்கும் அதில் பங்கு வந்திருக்கும். அதனால் உங்கள் விருப்பம் மட்டுமே முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் முதலில் கேட்கப்பட வேண்டியவர் நீங்கள். மருத்துவப் பரிசோதனைகளுக்கு வெளியே உலகில் முதன்முதலாக ஃபைசர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் 90 வயது மார்கரெட் கீனன், 2020 டிசம்பர் 8 அன்று. வருஷத்தின் பெரும்பகுதி தனியாக இருந்த எனக்கு இனி குடும்பத்தோடும் நண்பர்களோடும் நேரம் கழிக்கலாம் என்று இருக்கிறது என்றார். ஊசி போட்டதும் அவர் நினைத்தது அதைத்தான்.

இந்த இரண்டு பண்டிகைகளையும் திருப்பித் தர யாராலும் முடியாது அம்மா. பிள்ளைகள் அடுத்து வரும்போது, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை அப்படியே சொல்லுங்கள். உடல்நிலை மோசமானால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா, வீட்டிலேயே இருப்பதா, யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லி எழுதி வையுங்கள். உங்கள் மூத்த மகள் கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, சொல்வது நீங்களாக இருங்கள்.

கடிதத்தின் பின்பக்கத்தில் முழங்கால் வலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.