கூட்டத்தோடு கோவிந்தா

கேள்வி: முப்பது வருடமாக ரயில் அட்டவணையைப் பார்த்து நானே திட்டமிட்டு ஊர் சுற்றியவன். இப்போது மனைவியின் ஆசைக்காக 10 நாள் ஐரோப்பா குரூப் டூருக்குப் பணம் கட்டப் போகிறேன். பாரிசில் அத்தை மகள் இருக்கிறாள். கொடி பிடிப்பவர் பின்னால் போய்க் கூட்டத்தோடு கோவிந்தா போடுவதை நினைத்தாலே கசக்கிறது. ரசிக்க வழி உண்டா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உண்டு, ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே தேட வேண்டும். ரயில் அட்டவணை படித்த அதே கண்ணோடு டூர்க்காரர் தந்த தாளையும் படியுங்கள். ‘என்ட்ரி’ என்று போட்டிருந்தால்தான் உள்ளே போவீர்கள். ‘போட்டோ ஸ்டாப்’ என்றால் இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏற வேண்டியதுதான். ‘பனோரமிக் டூர்’ என்றால் ஜன்னல் வழியே பார்ப்பதோடு சரி. ‘ஆப்ஷனல்’ என்று எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். அதற்குப் பணம் கட்டாவிட்டால் அந்த நேரம் உங்களுடையது.

லூவர் அருங்காட்சியகம் பல டூர்களில் போட்டோ ஸ்டாப்பாகத்தான் வரும். செவ்வாய் அதற்கு விடுமுறை. புதன், வெள்ளி இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அந்த நாட்களில் பாரிசில் இருந்தால், இந்திய உணவகத்தில் காத்திருக்கும் பனீரையும் பருப்பையும் தியாகம் செய்யுங்கள் (காசு திரும்பாது). நேரம் குறித்த டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கிவிடுங்கள். டூர் மேனேஜரிடம் காலையிலேயே சொல்லி, வாட்ஸ்அப்பிலும் எழுதி வையுங்கள். மெட்ரோ ரயிலில் 1 அல்லது 7-ம் தடத்தில் பாலே ரொயால் நிறுத்தம். எட்டரைக்கே கூடங்களைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே 6 மணிக்காவது உள்ளே இருங்கள்.

திரும்பும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். குரூப் ஹோட்டல் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். விமான நிலையப் பக்கம் என்றால் ஷாத்லே நிலையத்தில் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் ஏற வேண்டும். அது வடக்கே போய் இரண்டாகப் பிரியும், ஒன்று விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரிக்கு. பலகையைப் பார்க்காமல் ஏறினால் நடுராத்திரியில் டாக்சிதான். பாதை வேலை என்று இரவில் சீக்கிரமே நிறுத்துவதும் உண்டு. ஹோட்டல் முகவரி அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும்.

பஸ் விஷயத்தில் மட்டும் தனிக்காட்டு ராஜாவாக இருக்காதீர்கள். அங்கே ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. தினசரி ஓய்வு வழக்கமாக 11 மணி நேரம். எல்லாம் வண்டியிலுள்ள கருவியில் பதிவாகிறது. காலை 8 மணிக்கு வேலையைத் தொடங்கியவர் இரவு 9-க்குள் முடித்தாக வேண்டும். நீங்கள் ஒரு காப்பிக்காக 20 நிமிடம் தாமதித்தால், மாலையில் 40 பேருக்கு ஓர் இடம் போச்சு. இறங்கியதும் வண்டி எண்ணையும் நிற்கும் இடத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை மகளை ஒரு மாலை பார்ப்பதற்கு இப்படி மிச்சம் பிடிக்கும் நேரமே போதும். டூர் முடிந்து நாலு நாள் தங்க ஆசையென்றால் முன்பணம் கட்டும்போதே சொல்லுங்கள். குரூப் டிக்கெட்டில் ஒருவருக்கு மட்டும் பிறகு தேதி மாற்றுவது லேசில் நடக்காது. காப்பீடும் விசாவும் அந்த நாலு நாளைச் சேர்த்தே இருக்க வேண்டும். ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) செல்லுபடித் தேதி வேறு, தங்கும் நாள் கணக்கு வேறு. தேதி மிச்சமிருக்கிறதே என்று நாள் கணக்கைத் தாண்டினால், அடுத்த விசா கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். அத்தை மகள் வீட்டில் தங்க, அவர் தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகம்) சான்று வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும். நம் கடற்கரைச் சாலையில் இடிந்து, திரும்பக் கட்டினார்களே, அதே மேரிதான். அங்கே ஊருக்கு ஒன்று.

அவருக்கு நெய், பால்கோவா கட்டாதீர்கள். பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பியச் சுங்கத்தார் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். கருவாட்டுக்குத் தடையில்லை, 20 கிலோ வரை விடுவார்கள். ஆனால் பஸ்ஸில் கூட வருகிறவர்களை நினைத்து நாலு சுற்று சுற்றிக் கட்டுங்கள்.