பியானோ இருக்கட்டும், பம்ப் எங்கே?

கேள்வி: கீழக்கரையில் எங்கள் பாட்டனார் காலத்துச் சங்குக் கிட்டங்கிக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. தெருவிலிருந்து 9 படி, சுமார் 5 அடி இறங்க வேண்டும். நீளம் 40 அடி, அகலம் 20, உயரம் 9. கொழும்பிலிருந்து வந்த ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்கும் இடமாகத் தொடங்கி, வாரம் ஒருநாள் ஆட்களே வாசிக்கிற கிளப்பாக ஓடியது. மூன்று வருடம் முன்பு கார்த்திகை மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் மூடிவிட்டோம். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு ஜாஸ் கிளப்பே மூடித் திறந்திருக்கிறது என்ற தைரியத்தில் இந்த டிசம்பர் 31 இரவு மறுபடி திறக்கிறோம். 60 நாற்காலி, ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு, சுவர் முழுக்கக் கறுப்பு ஃபோம், பாட்டனாரின் பியானோவுக்குப் புது பாலீஷ். இன்னும் என்ன தேவை? மது இல்லாமல் கிளப் நிற்குமா? முதல் நாள் என்ன வாசிக்கலாம்?
– பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்: பாலீஷ் வரைக்கும் யோசித்திருக்கிறீர்கள். முழங்கால் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. படி வழியாக இறங்கியதா, தரை வழியாக ஏறியதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வில்லேஜ் வான்கார்டு 1935 முதல் செவன்த் அவென்யூ சவுத்தில் ஒரு கீழ்த்தளத்தில் இருக்கிறது, 123 இருக்கை. அது 2020 மார்ச்சில் மூடியது கொரோனாவால். 2021 செப்டம்பரில் கதவைத் திறந்தார்கள், வாசித்தார்கள். உங்களுடையது தண்ணீரால் மூடிய இடம். நம் கரையில் கடல் ஏறி இறங்குவதே ஒரு மீட்டருக்குள்தான்; நிலத்தடி நீரை உயர்த்துவது வாடை மழை. ஐப்பசியில் தொடங்கி, மார்கழியில்தான் அது உச்சத்தில் நிற்கும். நீங்கள் குறித்திருக்கும் டிசம்பர் 31 சரியாக மார்கழியின் நடுவில் விழுகிறது.

முதலில் ஒரு சோதனை. தரையை நன்றாக உலர்த்தி, 3 அடிக்கு 3 அடி பாலிதீன் தாளை விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது. மேலே மட்டும் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம், தரை குற்றவாளி இல்லை. கூடவே, பக்கத்துக் கிணற்றில் தெரு மட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். காசில்லாத வேலை, இதைச் செய்யாமல் சிமெண்ட் வாங்கப் போகாதீர்கள்.

ஏனென்றால் கொத்தனார் 'உள்ளே வாட்டர்ப்ரூஃப் போட்டு 4 அங்குலக் கான்கிரீட் இழுத்துவிட்டால் போதும்' என்பார். கணக்குப் போடுங்கள். தண்ணீர் தெருவுக்கு 2 அடி கீழே நின்றால், உங்கள் தரைக்கு மேல் 3 அடி நீர்மட்டம். தரையை அது கீழிருந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 900 கிலோ விசையில் தூக்கும். 4 அங்குலக் கான்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்கு 240 கிலோதான். தரை நடுவில் பொம்மிக்கொண்டு வெடிக்கும். வெடிப்பு வழியாக ஊற்று கிளம்பும்.

தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதற்கு வழி விடுவதுதான் புத்தி. பழைய தரைமேல் வடிகட்டித் துணி, அதன் மேல் 6 அங்குலத்துக்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி, ஜல்லிக்குள் நாலு சுவர் ஓரமாகவும் 3 அங்குல ஓட்டைக் குழாய், எல்லாம் ஒரு மூலைக் குழியில் வந்து விழ வேண்டும். ஜல்லிக்கு மேல் தடித்த பாலிதீன், அதற்கு மேல் 4 அங்குலக் கான்கிரீட். தண்ணீர் தேங்காமல் குழிக்குப் போய்விடுவதால் தரையைத் தூக்க அடியில் அழுத்தம் சேராது. துணியை மிச்சம் பிடித்தால் பம்ப் தண்ணீரோடு பொடிமணலையும் இழுக்கும். இரண்டு மழைக்காலத்தில் சுவரின் அஸ்திவாரத்துக்கு அடியில் பொந்து விழும். இதில் 10 அங்குல உயரம் போய், 8 அடி 2 அங்குலம் மிஞ்சும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கீழ்த்தளத்துக்குக் கேட்பது குறைந்தது 2.4 மீட்டர், அதாவது 7 அடி பத்தரை அங்குலம். தப்பித்தீர்கள். ஆனால் ஃபால்ஸ் சீலிங் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

குழி 2 அடிச் சதுரம், 3 அடி ஆழம். அதில் அரைக் குதிரைத்திறன் டிரெயினேஜ் பம்ப் இரண்டு, நீர் ஏறினால் பம்பைத் தானே ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்ச் வெவ்வேறு உயரத்தில். வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால், பம்ப் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் குழிக்கே திரும்பி, பம்ப் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி எரிந்துபோகும். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில், மணிக்குக் கால் மணி நேரம் ஓடினால், 10 மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். புயல் நாளில் கரண்ட் பத்து மணி நேரத்தில் வந்துவிடும் என்று இந்தக் கரையில் பிறந்த யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே மேலே, தெரு மட்டத்தில் ஒரு பெட்ரோல் பம்ப்செட். குழாய் மட்டும் கீழே இறங்கட்டும். எஞ்சினை நிலவறைக்குள் இறக்கினால் புகை ஆளைக் கொன்றுவிடும். மெயின் போர்டும் மேலேதான், மின்கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோடு. மணிக்கு 20 நிமிடத்துக்கு மேல் பம்ப் ஓடுகிற அளவுக்கு ஊற்று இருந்தால், அந்த அறையை மழைக்காலத்தில் நடத்தவே வேண்டாம். தை முதல் புரட்டாசி வரை வாசியுங்கள்.

சுவர். 'ஓதம்' என்ற ஒரே சொல்லைக் கடலுக்கும் ஈரச்சுவருக்கும் நம்மவர்கள் சும்மா வைக்கவில்லை. பழைய கடற்கல் சுவருக்குள் உப்பு இருக்கிறது; சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே உப்பு கட்டி, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. அதுவும் பூக்கும், உதிரும். சில வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டு மறுபடி பூசுவது என்று கணக்கில் வையுங்கள்.

கறுப்பு ஃபோமைத் தொடாதீர்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இசைக் கிளப்பில் மேடை மத்தாப்பு சுவர் ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள், அது தரைத்தளம். உங்களுக்கு இருப்பது ஒரே படிக்கட்டு. எதிர் மூலையில் இரண்டாவது வழி வெட்டாமல் 60 பேரைக் கீழே உட்காரவைக்க நினைப்பதே தப்பு.

ஃபோம் தேவையும் இல்லை. காலி அறையில் கை தட்டினால் ஒலி 4 வினாடி சுற்றும். 60 பேர் உட்கார்ந்தால் அவர்களே அதை உறிஞ்சி, ஒரு வினாடிக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். ஜாஸுக்கு வேண்டிய 0.6 வினாடிக்கு இன்னும் 200 முதல் 250 சதுர அடி உறிஞ்சுபலகை போதும்: 2 அங்குல ராக்வூல் (பாறை நார்ப் பஞ்சு), மேலே பருத்தித் துணி, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி. ஒட்டி வைத்தால் பின்னால் பூஞ்சை. முட்டைத் தட்டு வேண்டாம், அது பேஸை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, தொடாது. உங்கள் உண்மையான சிக்கலே பேஸ்தான். 40க்கு 20 என்பது சரியாக இரட்டிப்பு. நீளமும் அகலமும் ஒரே சுரத்தில், கிட்டத்தட்ட 56 ஹெர்ட்ஸில், அதிரும். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் திறந்த 'ஏ' தந்தி 55. அதைத் தொட்டால் ஒரு நாற்காலிக்கு இடி விழும், அடுத்ததற்கு ஒன்றும் கேட்காது. வான்கார்டு அறை ஆப்பு வடிவம். சுவர்கள் எதிரெதிராக நிற்பதில்லை. நீங்களும் மேடைக்குப் பின்னால் குறுக்காகச் சாய்த்து ஒரு கனத்த தடுப்பு வையுங்கள். பின்னால் கிடைக்கும் முக்கோணத்தில் குழியையும் பம்பையும் ஒளித்துவிடலாம்.

ஏ.சி. இரண்டும் சேர்ந்து 3 டன். 60 பேரின் உடல் சூடே ஏறக்குறைய 1.7 டன். அதை வைத்துக் கணக்கு முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். கதவடைத்தால் அரை மணியில் கரியமில வாயு 3000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3000 பங்கு) தாண்டி, ரசிகர்கள் கொட்டாவி விடுவார்கள். பழி சாக்ஸபோன்காரர்மேல் விழும். ஆளுக்கு வினாடிக்கு 8 லிட்டர் வெளிக்காற்று என்றால் 1000 சி.எஃப்.எம்.முக்கு (நிமிடத்துக்குக் கன அடி) சற்று மேல். அந்தக் கடற்காற்றைக் குளிரவைத்து ஈரம் பிழிய மட்டும் 5 டன் கேட்கும். விளக்கையும் சேர்த்தால் 7 டன்னுக்குக் குறையாது.

பியானோ. சனிக்கிழமை மட்டும் ஏ.சி. போடுவதுதான் அதற்கு விஷம். வாரமெல்லாம் 85 சதவீத ஈரத்தில் ஊதிய ஒலிப்பலகை, மூன்று மணி நேரத்தில் 50க்கு இறங்கினால் சுருங்கும், சுருதி இறங்கும். ஏ.சி.யை நிறுத்தி ஈரம் திரும்பியதும் கட்டைகள் அழுத்தினால் எழாது, தந்தி துருவேறும். தினமும் ஈரம் உறிஞ்சும் கருவி ஓட வேண்டும். பெட்டியில் 'நாளுக்கு 50 லிட்டர்' என்று போட்டிருப்பது 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. உலர உலரப் பாதிகூடக் கிடைக்காது. முடியாதென்றால் பாட்டனார் பியானோ மாடியில் கௌரவமாக இருக்கட்டும், கீழே 88 கட்டை டிஜிட்டல் போதும்.

மது? நியூயார்க்கில் ஸ்மால்ஸ் என்ற கீழ்த்தளக் கிளப் 1994இல் தொடங்கியபோது மது உரிமமே கிடையாது; 10 டாலர் கொடுத்தால் இரவு முழுக்கக் கேட்கலாம். கீழக்கரையில் இஞ்சிச் சாயாவும் தொதலும் வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

முதல் நாளுக்கு பியானோ, பேஸ், ட்ரம்ஸ் மூவர் போதும். 8 அடிக் கூரைக்குக் கீழே ட்ரம்ஸுக்குக் குச்சி வேண்டாம், பிரஷ். டிசம்பர் 31 அன்று பம்ப் மணிக்கு எத்தனை நிமிடம் ஓடியது என்று எண்ணி எழுதுங்கள். தேதியை அதற்கப்புறம் பேசலாம்.