ஸ்டாக் தீர்ந்த பிறகும் சிக்னல் போய்ச் சேர வேண்டும்: மாற்று ஸ்டாக் பற்றி வாசகர் கேள்விகள்

சொந்தமாக கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிவரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: சிக்னல் (கெர்னல் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு) வந்ததும் ஓடும் கையாளி ஃபங்ஷனை வேறொரு ஸ்டாக்கில் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான தற்காலிக நினைவகம்) ஓடவைக்கும் சிக்ஆல்ட்ஸ்டாக். பார்வைக்கு மூன்று புலங்கள், ஒரு சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு), அவ்வளவுதான். ஆனால் இதில் நேரும் பிழைகள் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, நிரல் ஏற்கெனவே தடுமாறி விழும் நேரத்தில்தான் தலைகாட்டும். அதனால் சில பதில்களை விரிவாக எழுதியிருக்கிறேன்.

என் கெர்னலில் சிக்னல்கள் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. மாற்று ஸ்டாக் உண்மையிலேயே தேவையா?

தேவை. தன்னையே முடிவில்லாமல் அழைத்துக்கொள்ளும் ஒரு ஃபங்ஷனை எழுதி ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் ஸ்டாக் கீழே இறங்கி, கடைசியில் காவல் பக்கத்தை (ஸ்டாக்கின் எல்லையில், தொட்டாலே பிழை தரும் பகுதி) தொடுகிறது. பக்கப் பிழை எழுகிறது. கெர்னல் சிக்செக்வி (தவறான நினைவக அணுகலுக்கான சிக்னல்) அனுப்ப முடிவு செய்கிறது. கையாளியை ஓட்ட வேண்டுமென்றால் ரெஜிஸ்டர்களை எல்லாம் பயனர் ஸ்டாக்கில் எழுதிவைத்தாக வேண்டும். எந்த ஸ்டாக்கில்? சற்றுமுன் தீர்ந்துபோன அதே ஸ்டாக்கில். எழுதப் போனால் மறுபடியும் அதே பிழை. கெர்னலுக்கு வேறு வழியில்லை, ப்ராசஸைக் கொன்றுவிடுகிறது. கையாளி பதிவாகியிருந்தும் அதன் ஒரு கட்டளைகூட ஓடவில்லை.

ரஸ்ட் நிரல் ஒன்று ஸ்டாக் நிரம்பி வழியும்போது, எந்த த்ரெட்டில் வழிந்தது என்று சொல்லிவிட்டுச் சாகிறதே, அந்த ஒரு வரி அச்சாவது மாற்று ஸ்டாக்கின் மேல் நின்றுதான். பைத்தானின் ஃபால்ட்ஹேண்ட்லரும் அப்படியே. கோ மொழியில் இது இன்னும் கட்டாயம்: கோருட்டீன் (கோவின் இலகுவான த்ரெட்) ஸ்டாக் 2 கிலோபைட்டில் தொடங்குகிறது, அதன்மேல் சிக்னல் சட்டகத்தை (எழுதிவைக்கும் ரெஜிஸ்டர்களின் தொகுதி) எழுத இடமே இருக்காது. ஆகவே கோ தன் கையாளிகள் அனைத்தையும் ஆன்ஸ்டாக் கொடியுடனேயே (மாற்று ஸ்டாக்கில் ஓட்டு என்னும் குறி) பதிவு செய்கிறது. இந்த மொழிகளை உங்கள் கெர்னலுக்குக் கொண்டுவர நினைத்தால், முதலில் முட்டும் சுவர்களில் இதுவும் ஒன்று.

மாற்று ஸ்டாக்கின் அமைப்பை (முகவரி, கொடி, அளவு) ப்ராசஸில் வைப்பதா, த்ரெட்டிலா? ஃபோர்க் (ப்ராசஸை நகலெடுப்பது), எக்ஸெக் (புதிய நிரலை ஏற்றுவது) நேரத்தில் என்ன செய்வது?

த்ரெட்டில். கையாளிகளின் அட்டவணை ப்ராசஸ் முழுமைக்கும் பொது. மாற்று ஸ்டாக் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி. இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் ஒரே மாற்று ஸ்டாக்கின் உச்சியில் எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே காரணம் புரியும். அதே காரணத்தால், நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு பிறக்கும் புதிய த்ரெட்டுக்கு இந்த அமைப்பு போகக் கூடாது. வெறுமையாகத் தொடங்க வேண்டும். சாதாரண ஃபோர்க்கில் குழந்தைக்குத் தனி நினைவகப் பிரதி கிடைக்கிறது, ஆகவே அமைப்பும் அப்படியே போகலாம். நினைவகத்தைப் பகிரும் விஃபோர்க்கில் பெற்றோர் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதால் லினக்ஸ் அதை விட்டுவைக்கிறது. எக்ஸெக்கில் பழைய நினைவகமே போய்விடுகிறது, அமைப்பை அழித்துவிடுங்கள்.

“இப்போது மாற்று ஸ்டாக்கில் இருக்கிறோம்” என்று ஒரு கொடியை வைத்து, கையாளிக்குள் போகும்போது ஏற்றி, திரும்பும்போது இறக்கினால் போதாதா?

வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது. போதாது.

என் முதல் முயற்சியில் நானும் இப்படித்தான் செய்தேன். ஒரு சோதனை நிரல் கையாளியிலிருந்து முறைப்படி திரும்பாமல் லாங்ஜம்ப் (முன்பு குறித்துவைத்த இடத்துக்கு நேரே தாவுவது) மூலம் வெளியே குதித்தது. கொடியை இறக்கும் குறியீடு ஓடவே இல்லை. நிரல் தன் பழைய ஸ்டாக்கில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்க, கெர்னல் மட்டும் அது இன்னும் மாற்று ஸ்டாக்கில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை ஸ்டாக் வழிந்தபோது “ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறாய், மாற வேண்டியதில்லை” என்று முடிவு செய்து, தீர்ந்த ஸ்டாக்கிலேயே எழுதப் போய்ச் செத்தது. முதல் வழிதல் பிழைத்து, இரண்டாவது சாகும் நிரலைப் பார்த்தால் இந்தக் கொடியைச் சந்தேகியுங்கள்.

1983-இல் வந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸின் சிக்ஸ்டாக் இந்தக் கொடி முறையைத்தான் நம்பியது. அதற்குக் காரணம் இருந்தது. அந்த அழைப்பு ஸ்டாக்கின் முகவரியை மட்டுமே வாங்கியது, அளவைக் கேட்கவில்லை. எல்லை தெரியாதபோது உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று அளக்க முடியாது. நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்டாக் எந்தத் திசையில் வளரும் என்பதையும் பயனர் நிரலே தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த சிக்ஆல்ட்ஸ்டாக் அடி முகவரி, அளவு இரண்டையும் கேட்கிறது. முகவரி எப்போதும் மிகத் தாழ்ந்த முகவரிதான். திசையை கெர்னல் பார்த்துக்கொள்ளும்.

அளவு கையில் இருக்கும்போது கொடி எதற்கு? ஸ்டாக் சுட்டியைப் பாருங்கள். அது எல்லைக்குள் இருந்தால் மாற்று ஸ்டாக்கில் நிற்கிறோம், இல்லையென்றால் இல்லை. லாங்ஜம்ப் செய்தாலும் சுட்டி பொய் சொல்லாது.

ஒப்பீட்டின் ஓரங்களில் மட்டும் கவனம் தேவை. அடி 40000, அளவு 8192 என்று வையுங்கள், உச்சி 48192. கீழ்நோக்கி வளரும் ஸ்டாக்கில் சுட்டி சரியாக 48192-இல் இருந்தால், அது காலியான மாற்று ஸ்டாக். உள்ளே என்றே கணக்கு. சுட்டி சரியாக 40000-இல் இருந்தாலோ, அது கீழே ஒட்டியிருக்கும் வேறொரு ஸ்டாக்கின் காலியான உச்சியாக இருக்கலாம். வெளியே என்று கணக்கு. ஆகவே சுட்டி அடியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சுட்டியிலிருந்து அடியைக் கழித்தால் அளவுக்குச் சமமாகவோ குறைவாகவோ வர வேண்டும். லினக்ஸும் இப்படியே செய்கிறது. ஸ்டாக் மேல்நோக்கி வளரும் பிஏ-ரிஸ்க் போன்ற செயலிகளுக்கு ஓரங்களைத் திருப்பிப் போடுகிறது. இதில் ஒரு நல்ல பக்கவிளைவு: மாற்று ஸ்டாக் இல்லாதபோது அடியும் அளவும் பூஜ்யமாக இருந்தால், தனிச் சோதனை ஏதும் இல்லாமலேயே “வெளியே” என்ற விடை வந்துவிடும்.

சட்டகத்தை எங்கே வைப்பது என்ற கணக்கில் எந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும்?

எக்ஸ்86-64 செயலியை வைத்துச் சொல்கிறேன். அங்கே ஸ்டாக் சுட்டிக்குக் கீழே 128 பைட்டுகள் சிவப்பு வலயம். ஃபங்ஷன் அதைச் சொல்லாமலே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். ஆகவே சாதாரண ஸ்டாக்கிலேயே தொடர்வதானால் முதலில் 128-ஐக் கழியுங்கள். மாற்று ஸ்டாக்குக்குப் புதிதாக மாறுவதானால் உச்சியிலிருந்து தொடங்குங்கள்; அங்கே காக்க எதுவும் இல்லை. ஏற்கெனவே மாற்று ஸ்டாக்கில் இருக்கும்போது அடுத்த சிக்னல் வந்தால் உச்சிக்குத் திரும்பவே கூடாது. நிற்கும் இடத்திலிருந்து, 128-ஐயும் கழித்துக்கொண்டு, கீழே போக வேண்டும். முந்திய கையாளிக்கும் சிவப்பு வலயம் உண்டு. “உள்ளே இருக்கிறோமா” என்ற கேள்வியை 128 கழிப்பதற்கு முன்னுள்ள அசல் சுட்டியிடம்தான் கேட்க வேண்டும். கழித்த சுட்டியிடம் கேட்டால், அடிக்கு அருகில் நிற்பவர் வெளியே போய்விட்டதாகத் தெரியும். நீங்கள் உச்சிக்குத் தாவி, உயிரோடு இருக்கும் சட்டகத்தின் மேலேயே எழுதுவீர்கள்.

பிறகு சீரமைப்பு, அதாவது முகவரியை 16-இன் மடங்கில் நிறுத்துவது. மேலே சொன்ன ஸ்டாக்கில் 1000 பைட் சட்டகம் வைப்பதாகக் கொள்வோம். 48192-இலிருந்து 1000 போனால் 47192. அதை 16-இன் மடங்குக்கு இறக்கினால் 47184. இன்னும் 8-ஐக் கழித்து 47176. கடைசி 8 எதற்கு? ஃபங்ஷனை அழைக்கும் ‘கால்’ கட்டளை திரும்பும் முகவரியைத் தள்ளிய பிறகு சுட்டி எப்படி இருக்குமோ, கையாளி நுழையும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அழைப்பு மரபு. இதை விட்டுவிட்டால் எளிய கையாளிகள் ஓடிவிடும். சீரமைந்த முகவரியைக் கேட்கும் எஸ்எஸ்இ (திசையன் கணக்கு) கட்டளை ஒன்றைக் கம்பைலர் போட்ட நாளில் கையாளிக்குள்ளேயே விழும்.

கடைசியாக ஒரு சோதனை: மாற்று ஸ்டாக்கில் இருந்துகொண்டு கணக்கிட்ட புதிய இடம் அதன் எல்லைக்கு வெளியே போகிறதா? போனால் எழுதாதீர்கள். கீழே இருப்பது வேறு யாருடைய ஹீப் நினைவகமோ தெரியாது. லினக்ஸ் இங்கே வேண்டுமென்றே செல்லாத முகவரியைத் திருப்பி, ப்ராசஸ் சிக்செக்வியில் விழும்படி செய்கிறது. சுத்தமான சாவு, மௌனமாகக் கெட்ட நினைவகத்தைவிட எவ்வளவோ மேல்.

மாற்று ஸ்டாக்கின் குறைந்தபட்ச அளவு 2048 பைட் என்று வைத்துவிட்டேன். பிரச்சினை வருமா?

வரும். எக்ஸ்86 செயலிகளின் ஏவிஎக்ஸ்-512 நீட்டிப்பில் 64 பைட் கொண்ட 32 ரெஜிஸ்டர்கள், பெருக்கினால் 2048. மற்ற ரெஜிஸ்டர்களுக்கு ஒரு பைட்கூட மிச்சமில்லை. பழைய வழக்கப்படி பரிந்துரைக்கும் 8192-உம் பாதுகாப்பல்ல: ஏஎம்எக்ஸ் என்ற இன்னொரு நீட்டிப்பில் 1024 பைட் ஓடுகள் (டைல் ரெஜிஸ்டர்கள்) எட்டு, அதுவே 8192. ஓர் அளவை மாறிலியாக எழுதிவைத்த காலம் முடிந்துவிட்டது. துவக்கத்தில் செயலி எவ்வளவு நிலையைச் சேமிக்கும் என்று கேட்டு, அதோடு உங்கள் சட்டகத்தையும் கூட்டி, துணைத் திசையன் (நிரல் தொடங்கும்போது கெர்னல் கொடுக்கும் தகவல் பட்டியல்) வழியே பயனர் நிரலுக்குத் தெரிவியுங்கள். லினக்ஸ் எக்ஸ்86-இல் இதை 5.14-இல் தொடங்கியது, 64-பிட் ஆர்முக்கு அதற்கும் முன்பே இருந்தது. 2021-இல் வந்த ஜிலிப்சி (க்னூவின் சி நூலகம்) 2.34-இல் க்னூ நீட்டிப்புகளுடன் தொகுத்தால் இந்த அளவுகள் மாறிலிகளே அல்ல. அவற்றை வைத்து நிலையான அணி அறிவித்த பழைய நிரல்கள் தொகுக்க மறுக்கின்றன. அந்தத் தொல்லை நியாயமானது.

பயனர் கொடுத்த முகவரி எழுதத்தக்கதா என்று சிஸ்டம் காலிலேயே சோதிக்கலாமா?

வேண்டாம். இன்று சரியாக இருப்பது நாளை நீக்கப்பட்டிருக்கலாம். எப்படியும் சட்டகம் எழுதும்போது பிழையைப் பிடித்தாக வேண்டும். சிஸ்டம் காலில் அளவு போதாவிட்டால் ஈநோமெம், தெரியாத கொடிக்கு ஈஇன்வால், அந்த ஸ்டாக்கிலேயே நின்றுகொண்டு மாற்ற முயன்றால் ஈபெர்ம். இந்தப் பிழைக் குறிகள் போதும்.

பழைய அமைப்பைப் பயனருக்குத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஏதாவது கண்ணி உண்டா?

உண்டு. லினக்ஸின் 64-பிட் வடிவத்தைப் பாருங்கள்: முகவரி 8 பைட், கொடி 4, அளவு 8. கூட்டினால் 20, ஆனால் அமைப்பின் அளவு 24. கொடிக்கும் அளவுக்கும் நடுவே 4 பைட் இடைவெளி. கெர்னல் ஸ்டாக்கில் ஒரு மாறியை வைத்து மூன்று புலங்களை மட்டும் நிரப்பி முழுதாக நகலெடுத்தால், அந்த 4 பைட்டில் கெர்னலின் பழைய எச்சம் வெளியே கசியும். கற்பனையல்ல: லினக்ஸில் இதே இடத்தில் இதே கசிவு இருந்து 2009-இல் திருத்தப்பட்டது, பாதுகாப்புக் குறை எண் சிவிஇ-2009-2847. முதலில் முழு அமைப்பையும் பூஜ்யமாக்குங்கள். பிஎஸ்டி குடும்பத்தில் அளவு முன்னும் கொடி பின்னும் வரும். அங்கிருந்து குறியீட்டை எடுப்பவர்கள் வரிசையைக் கவனியுங்கள்.

கோரூட்டீன் (பாதியில் நிறுத்திப் பிறகு தொடரக்கூடிய ஃபங்ஷன்) நூலகம் ஒன்று கையாளிக்குள்ளிருந்தே வேறு சூழலுக்குத் தாவுகிறது. நினைவகம் கெடுகிறது. ஏன்?

சுட்டியை நம்பும் முறைக்கு நாம் கொடுக்கும் விலை இது. கையாளி மாற்று ஸ்டாக்கில் பாதியில் நிற்க, நிரல் வேறொரு ஸ்டாக்குக்குத் தாவிவிடுகிறது. அடுத்த சிக்னல் வரும்போது சுட்டி வெளியே இருக்கிறது. கெர்னல் உச்சியிலிருந்து புதிதாக எழுதுகிறது. பாதியில் நிற்பவரின் சட்டகம் அழிந்தது. லாங்ஜம்ப் செய்தவர் திரும்பி வரமாட்டார், இவர் வருவார். சுட்டியை மட்டும் பார்த்து இந்த இருவரையும் பிரிக்க முடியாது.

லினக்ஸ் 4.7-இல் வந்த ஆட்டோடிஸ்ஆர்ம் கொடி இதற்குத்தான். கையாளிக்குள் நுழையும்போதே கெர்னல் அமைப்பைச் சட்டகத்தில் எழுதிவைத்துவிட்டு மாற்று ஸ்டாக்கை முடக்கிவிடும். சிக்ரிட்டர்ன் (கையாளி முடிந்து திரும்பும் சிஸ்டம் கால்) நேரத்தில் சட்டகத்திலிருந்து மீட்கும். அந்த மீட்பை எல்லாச் சட்டகங்களுக்கும் செய்யுங்கள். உள்ளே இருக்கும் கையாளி வெளிக் கையாளிக்குத் திரும்பும்போது ஈபெர்ம் எழலாம். அதை விழுங்கிவிடுங்கள், சட்டகத்தைப் படிக்கவே முடியாத நிலையை மட்டும் பிழையாகக் கொள்ளுங்கள்.

எதையெல்லாம் சோதித்தால் நம்பலாம்?

கையாளிக்குள் ஓர் உள்ளூர் மாறியின் முகவரியை எடுத்து, அது மாற்று ஸ்டாக்கின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்ஸ்டாக் கொடி இல்லாத கையாளியில் இருக்கவே கூடாது. கையாளிக்குள்ளிருந்து இன்னொரு சிக்னலை எழுப்பி, இரண்டாவது முகவரி முதலாவதைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாக்கை வழியவிட்டு லாங்ஜம்பில் தப்பி, மீண்டும் வழியவிடுங்கள். இதை நூறு முறை சுற்றில் ஓட்டுங்கள். இரண்டு த்ரெட்டுகளில் ஒரே நேரத்தில் வழியவிடுங்கள். மிதவைப் புள்ளி ரெஜிஸ்டர்களில் தெரிந்த மதிப்புகளை நிரப்பி, கையாளி அவற்றைக் கலைத்துவிட்டுத் திரும்பிய பிறகு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். கடைசியாக, மாற்று ஸ்டாக்குக்குக் கீழே ஒரு பக்கத்தைத் தெரிந்த எண்களால் நிரப்பி, கையாளிக்குள் மேலும் மேலும் சிக்னல்களை அடுக்கி ஸ்டாக்கைத் தீர்த்துவிடுங்கள். ப்ராசஸ் சிக்செக்வியில் சாக வேண்டும். பகிர்ந்த நினைவகத்தில் வைத்த அந்தப் பக்கத்தின் ஓர் எண்கூட மாறியிருக்கக் கூடாது.